டிவியில் மேட்டர் பல்புகள் 4 நிமிடத்தில் மறைகின்றன: கண்காட்சி ஸ்டாலுக்கு உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தொழில்நுட்பக் கண்காட்சி ஸ்டாலுக்கான அமைப்பு இது: ஸ்மார்ட் டிவி 2, மேட்டர் (ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளுக்கான பொதுத் தரம்) வைஃபை பல்பு 12, த்ரெட் (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லா வலை) சென்சார் 6, த்ரெட்டை நெட்வொர்க்கோடு இணைக்கும் பார்டர் ரவுட்டர் 1. டிவிகள் ஈதர்நெட் கேபிளில், பல்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸில்.

இவற்றை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சை ஆன் செய்ததும் டிவித் திரையில் 12 பல்பும் வந்துவிடுகின்றன. நாலு நிமிடத்துக்குச் சற்று மேல் போனதும் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகி 'ஆஃப்லைன்' என்கின்றன. அப்போதும் பல்புக்கு பிங் போகிறது, ஆக சிக்னல் பிரச்சினை இல்லை.

சந்தேகம் எம்எல்டி ஸ்னூப்பிங் (ஐபிவி6-இல் எந்த போர்ட்டுக்கு எந்தக் குழுத் தகவல் வேண்டும் என்று ஸ்விட்ச் கவனித்து, அங்கே மட்டும் அனுப்பும் வசதி) மேல்தான். மேட்டர் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க ஐபிவி6 மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கே ஒரே நேரத்தில் அனுப்பும் முறை) தேவை. நெட்வொர்க்கில் க்வெரியர் (குழுவில் யார் இருக்கிறார்கள் என்று அவ்வப்போது கேட்கும் கருவி) இல்லாவிட்டால், ஸ்விட்ச் வழக்கமாக 260 விநாடியில் குழுப் பதிவை அழித்துவிடும். நேரம் அப்படியே பொருந்துகிறது. ஸ்னூப்பிங்கை நிறுத்தினால் பல்புகள் நிலைக்கின்றன. ஆனால் இந்த ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி (ஐபிவி4-இல் இதே வேலையைச் செய்வது), எம்எல்டி இரண்டுக்கும் ஒரே பொத்தான். அதனால் டிவிகளுக்கான மல்டிகாஸ்ட் வீடியோ எல்லா போர்ட்டிலும் கொட்டுகிறது, வைஃபை திணறிப்போகிறது.

எம்எல்டி க்வெரியர் உள்ள 8 போர்ட் ஸ்விட்ச் எதையாவது பயன்படுத்தியவர்கள் மாடலைச் சொல்லுங்கள். ரவுட்டரையே க்வெரியராக வைக்க முடிந்ததா?

இன்னொன்று: அரங்கில் வைஃபை சேனல் 1, 6, 11 மூன்றும் நிரம்பி வழியும். த்ரெட்டை அதன் சேனல் 25-இல் வைப்பதாகத் திட்டம். 26 வைஃபையிலிருந்து இன்னும் விலகியிருந்தாலும், சில கருவிகள் அதில் பவரைக் குறைத்துக்கொள்ளும். நெரிசலான அரங்கில் 25 தாக்குப்பிடித்ததா என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பேருதவி.