இண்டக்‌ஷன் வெல்டிங் சிமுலேஷன்: உங்கள் மாடல் எங்கே சறுக்கியது?

பதிவிட்டவர்:
இண்டக்‌ஷன் வெல்டிங் என்றால், காயிலில் (கம்பிச்சுருளில்) மாறுதிசை மின்சாரம் விட்டு, அதன் காந்தப்புலத்தால் கார்பன் ஃபைபருக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்குவது; பிளாஸ்டிக் உருகி இரண்டு பாகமும் ஒட்டிக்கொள்ளும்.
கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 விமானத்தின் வாலில் அசையும் பலகைகளான ரட்டரும் எலிவேட்டரும் கார்பன் ஃபைபர், பிபிஎஸ் பிளாஸ்டிக் இரண்டும் சேர்ந்த காம்போசிட். இண்டக்‌ஷன் வெல்டிங்கில் இணைத்தவை. அதாவது இது ஆய்வகத்தோடு நின்றுபோன விஷயமில்லை. ஆனாலும் சிமுலேஷனில் உட்கார்ந்தால் பாடு பெரும் பாடுதான்.

எனக்குத் தலைவலி கொடுத்தது மெஷ் (மாடலைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) இல்லை, மின்கடத்துத்திறன். ஃபைபர் நெடுக அது எவ்வளவு என்று ஓரளவு தெரியும். ஒரு லேயரிலிருந்து அடுத்த லேயருக்கு மின்சாரம் எவ்வளவு தாண்டும்? டேட்டாஷீட்டில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் சூடே அதை நம்பித்தான் இருக்கிறது. சுழல் மின்னோட்டம் ஓட மூடிய வளையம் வேண்டும். எல்லா ஃபைபரும் ஒரே திசையில் படுத்திருந்தால் லேமினேட் (லேயர்களை அடுக்கி அழுத்திய பலகை) சரியாகச் சூடேறாது. நெய்த துணி என்றால் சட்டென்று ஏறிவிடும். ஒரே மெட்டீரியலில் இரண்டு பேட்ச், பிரஸ்ஸில் அழுத்தம் மட்டும் கொஞ்சம் வேறு. இரண்டும் வேறு வேறு விதமாகச் சூடேறியதைப் பார்த்த பிறகு, அந்த எண்ணை ஒவ்வொரு பேட்சுக்கும் அளந்துதான் போடுகிறேன்.

அப்புறம் ஓரம். மின்னோட்டம் பலகையை விட்டு வெளியே போக முடியாது, அதனால் விளிம்பில் நெருக்கியடித்துத் திரும்பும். நடுவில் பிபிஎஸ் உருகும் 280 டிகிரி வருவதற்குள் ஓரம் அதைத் தாண்டிப் போயிருக்கும்.

பதில் 1:
ஓரம் சரி சார், எங்களுக்கு மேல்பரப்புதான் வில்லன். சில நூறு கிலோஹெர்ட்ஸில் காந்தப்புலம் சில மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கும், லேமினேட் முழுவதும் சூடாகும். காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் முகம்தான் அதிகம் வாங்கிக்கொள்ளும், வெல்ட் ஆக வேண்டிய இடம் அடியில் கிடக்கிறது. மேலே ஹீட் சிங்க் வைத்துக் குளிர்வித்தோம். அதற்கும் லேமினேட்டுக்கும் நடுவே வெப்பம் எவ்வளவு கடக்கிறது என்று மாடலில் போடும் எண் கிட்டத்தட்ட யூகம்தான். தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) காட்டிய அளவோடு ஒப்பிட்டு அதைத்தான் திரும்பத் திரும்பத் திருத்தினோம்.

பதில் 2:
காயில் நகரும் கேஸ் யாராவது ஓட்டியிருக்கிறீர்களா? மின்காந்தப் பகுதியை ஃப்ரீக்வென்சி டொமைனில் (நேரத்தைப் பின்தொடராமல், ஒரே அதிர்வெண்ணுக்கு) தீர்த்து, சராசரி வெப்பத்தை மட்டும் தெர்மல் மாடலுக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு அலையையும் நேரக்கணக்கில் பின்தொடர்ந்தால் வேலை முடியவே முடியாது. ஆனால் காயில் தாண்டிப்போன இடத்தில், அழுத்தம் விலகியதும் லேயர்கள் உப்பிப் பிரிகின்றன. அதை என் மாடல் காட்டுவதே இல்லை. காயிலுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு வரும் ரோலரின் அழுத்தத்தையும் சேர்த்துப் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.