இரண்டு நூல் இறங்கிய சுவிட்சுப் பலகை: பொறுத்துக்கொள்வதா, பெயர்த்து வைப்பதா?

அரசலாறு (கும்பகோணம்):
கும்பகோணத்திற்கு அருகே நாங்கள் கட்டிவரும் வீட்டில் பூச்சு, தரை, மின்வேலை ஆகிய மூன்றும் முடிந்துவிட்டன. கூடத்தின் மேற்குச் சுவரில் ஒரே மட்டத்தில் வர வேண்டிய மூன்று சுவிட்சுப் பலகைகளில் நடுவில் உள்ளது மட்டும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், கீழே இறங்கியிருக்கிறது. டைல்ஸ் பாதியில் தீர்ந்துபோனதால் பிறகு வாங்கிவந்த பெட்டிகளின் நிறம் சற்று மஞ்சளாக அமைந்து, கூடத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கிறது. கூடத்திலிருந்து அடுத்த அறைக்குச் செல்லும் வாசலில் இருபுறத்து இணைப்புக் கோடுகளும் ஒன்றோடொன்று சேராமல் விலகி நிற்கின்றன. "யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். எனக்கோ கூடத்திற்குள் நுழைந்தால் இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

சுவர் கரடுமுரடாக இருந்திருந்தால் நான் வருந்தியிருக்க மாட்டேன். ஓர் ஒழுங்கைத் தொடங்கிவிட்டு, அதை ஓரிடத்தில் மட்டும் கைவிடுவதுதான் கண்ணை உறுத்துகிறது. மூன்று பலகைகளும் மூன்று உயரத்தில் இருந்திருந்தால்கூட அப்படியே விட்டிருப்பேன். இவற்றைச் சரிசெய்யச் சொல்வது நியாயம் என்றே கருதுகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

வெண்ணாறு (நீடாமங்கலம்):
நான் முழுமையாக மறுக்கிறேன், ஐயா. நம் பகுதியில் இன்னும் நிற்கும் பழைய தாழ்வாரத்து வீடுகளைச் சென்று பாருங்கள். குயவர் சக்கரத்தில் வனைந்து இரண்டாகப் பிளந்த நாட்டு ஓடுகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது. முற்றத்தைச் சுற்றியுள்ள தூண்களின் பருமன் மாறும். சுண்ணாம்புப் பூச்சில் நேர்கோடு என்பதே கிடையாது. அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்து முதுமையடைந்தவர்கள் எவரும் ஓடு கோணலாக இருக்கிறது என்று உறக்கம் இழக்கவில்லை. தொழிற்சாலைப் பொருள்கள் வீட்டுக்குள் வந்த பிறகே இந்த உறுத்தலும் வந்தது. அச்சில் வார்த்தாற்போன்ற பொருள்களையே பார்த்துப் பழகிய கண், மனிதர் கைபட்ட இடத்தையெல்லாம் குற்றமாக எண்ணத் தொடங்கிவிட்டது.

இதைவிட முக்கியமானது மற்றொன்று. பெயர்த்து வை என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல்லுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? ஆற்றில் நீர் நின்று வயல்வேலை ஓய்ந்த மாதங்களில் கட்டட வேலைக்கு வரும் சித்தாள்களும், நாள்கூலிக்கு வரும் கொத்தனாரும்தாம். மறுவேலைக்குக் கூலி தராத வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருப்பதை நீங்களும் அறிவீர்கள். கால் அங்குலத்திற்காக ஒருவருடைய ஒரு நாள் வருமானத்தை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

கொள்ளிடம் (சீர்காழி):
உறுத்தல் தொழிற்சாலையோடு வந்தது என்ற கருத்தை ஏற்க இயலவில்லை. விழித்திரையில் உள்ள கூம்புச் செல்களின் இடைவெளி ஏறத்தாழ 30 வினாடிக் கோணம். ஒரு பாகையில் 3600 வினாடிகள் உண்டு. ஆனால், முனையோடு முனை சேரும் இரு கோடுகளில் ஒன்று சற்று விலகியிருந்தால், அந்த இடைவெளியைவிட மிகச் சிறிய விலகலை, 10 வினாடிக்கும் குறைவானதைக்கூட, மனிதக் கண் கண்டுபிடித்துவிடுகிறது. இரண்டு மீட்டர் தொலைவில் 10 வினாடி என்பது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். பல செல்களிலிருந்து வரும் செய்திகளை மூளை சேர்த்துக் கணக்கிடுவதால் இது நிகழ்கிறது. பார்வை ஆய்வாளர் ஜெரால்டு வெஸ்ட்ஹைமர் 1975-இல் இந்த மிகைக்கூர்மைக்குத் தனிப் பெயரே இட்டார். அளவுகோல்களில் இரு கோடுகள் நேராகச் சேரும் இடத்தைப் பார்த்து அளக்கும் வெர்னியர் முறை பயன்படுவதும் கண்ணின் இந்தத் திறனால்தான். கிடைக்கோட்டிலும் செங்குத்துக் கோட்டிலும் ஏற்படும் சாய்வை, மூலைவிட்டக் கோட்டின் சாய்வைவிட நாம் எளிதில் உணர்கிறோம் என்பதும் நன்கு நிறுவப்பட்டதே.

ஆகவே அரசலாறு அவர்களின் கண் கற்பனை செய்யவில்லை. எனினும் இந்தக் கூர்மை கோடுகள் நெருங்கியிருக்கும்போதுதான் முழுமையாகச் செயல்படும். இடைவெளி கூடக் கூட மங்கிவிடும். வாசலில் சேராத கோடுகள் அனைவரையும் உறுத்தும். பல அடி தள்ளித்தள்ளி இருக்கும் சுவிட்சுப் பலகைகள் அவ்வளவு உறுத்தக் காரணமில்லை.

மண்ணியாறு (திருப்பனந்தாள்):
பழங்காலத்தவர் எதையும் பொருட்படுத்தவில்லை என்று வெண்ணாறு அவர்கள் எழுதியது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தத் தாழ்வாரத்து வீடுகளின் வாசலையும் அவர் பார்த்திருக்க வேண்டும். மார்கழி மாதத்தில் 15 புள்ளியில் தொடங்கி 8 வரை ஊடுபுள்ளி வைத்துக் கோலம் போடும் பெண், நடுவரிசைக்கு இருபுறமும் ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்து மொத்தம் 169 புள்ளிகளை, அளவுகோல் எதுவுமில்லாமல், குனிந்த நிலையில் வைக்கிறாள். மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி விலகினால் அந்த விலகல் அடுத்தடுத்த வரிசைகளுக்குப் பரவி, கடைசியில் இதழ்கள் ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சூம்பியும் போகும். அதனால்தான் விலகல் தெரிந்த உடனேயே கையால் அழித்துவிட்டு அந்த வரிசையை மீண்டும் வைப்போம். யாருக்கும் தெரியாது என்று எங்கள் வீட்டு மூத்த பெண்கள் எவரும் சொன்னதில்லை. மறுநாள் காலையில் பெருக்கிவிடப் போகும் கோலத்திற்கே இந்தக் கவனம்.

அதே கோலத்தில் இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். அதைப் பிழை என்று எவரும் சொல்வதில்லை. அது கைப்போக்கு. சிக்குக் கோலத்தில் இழை ஒரு புள்ளியைச் சுற்றாமல் விட்டுப்போனால் அது பிழை. கோலத்திற்குள் கறாரான விதிகள் இருப்பதால்தான், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களில் அதைக் கணினி அறிவியலின் பட இலக்கணங்களுக்கு, அதாவது படங்களை உருவாக்கும் விதித் தொகுப்புகளுக்கு, எடுத்துக்காட்டாக ஆராய முடிந்தது. நாட்டு ஓட்டின் வேறுபாடு கைப்போக்கு. சுவிட்சுப் பலகை இறங்கியிருப்பது பிழை. வெண்ணாறு அவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்.

வெண்ணாறு:
அம்மா, நீங்கள் பிரித்துக் காட்டியது நன்றாக இருக்கிறது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலை எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்? 1010-இல் நிறைவுபெற்ற அந்த விமானத்தின் மேல்தளத்தில் பரதநாட்டியக் கரணங்கள் எனப்படும் நடன அசைவுகள் 108-இல் 81 மட்டுமே செதுக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சியவற்றுக்கான கற்கள் வெறுமையாக நிற்கின்றன. விதிப்படி அது முடிவுபெறாத வரிசை. ஆனாலும் அங்கே நிற்கும் எவருக்கும் எரிச்சல் வருவதில்லை. நின்றுபோன உளியை எண்ணி உள்ளம் நெகிழ்கிறது. விதி மீறப்பட்டாலே கண் உறுத்தும் என்றால் அங்கேயும் உறுத்தியிருக்க வேண்டும். எதை மன்னிப்பது என்று நாம் முன்னரே முடிவு செய்துகொண்டுதான் பார்க்கிறோம். அரசர் விட்ட குறைக்கு மரியாதை, கொத்தனார் விட்ட குறைக்குக் கண்டனம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

மண்ணியாறு:
வெறுமையாக விடப்பட்ட அந்தக் கற்களும் வரிசையில்தான் நிற்கின்றன. வேலை நின்றது; கோணலாகவில்லை. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்களும் அப்படித்தான். மண் கருவை உடைத்தே படிமத்தை எடுப்பதால் ஒன்றைப்போல் மற்றொன்று அமையாது. ஆனால் தென்னங்கீற்றை அளவாக நறுக்கி மடித்து, அந்த மடிப்புகளைக் கொண்டுதான் முகம் முதல் பாதம் வரை அளவு குறிக்கிறார்கள். அதில் ஒரு மடிப்பு தவறினால் சிற்பியே அதை ஏற்க மாட்டார்.

குடமுருட்டி (பாபநாசம்):
வீடு கட்டும் பணிகளை மேற்பார்வையிடுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நம் பகுதியில் கண்ணின் உறுத்தலை அலட்சியப்படுத்துவது ஆபத்து. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. அதன்பின் கோடையில் வயல்கள் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கும் அந்தக் களிமண்தான் வயலை மேடாக்கிக் கட்டிய வீடுகளின் அடியிலும் இருக்கிறது. கதவுக்கும் நிலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே அகன்றும் கீழே குறுகியும் தெரிந்தால், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பினால், அடித்தளம் ஒருபுறம் அமிழ்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் இறுகி, வெயிலில் சரியாகிவிடும் கதவு மரத்தின் குணத்தைக் காட்டுவது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆகவே அரசலாறு அவர்கள் முதலில் ஒரு ரசமட்டத்தை எடுத்து, அந்த நடுப் பலகை மட்டும் இறங்கியிருக்கிறதா அல்லது அந்தப் பகுதிச் சுவரே இறங்கியிருக்கிறதா என்று சோதிக்கட்டும். புது வீட்டில் பெரும்பாலும் பெட்டியைப் புதைக்கும்போது நூல் கட்டாமல் கண்ணளவில் வைத்ததே காரணமாக இருக்கும்.

டைல்ஸ் நிற வேறுபாடு கொத்தனாரின் தவறே அன்று. ஒவ்வொரு முறையும் சூளையின் வெப்பம் சற்று மாறுவதால் நிறமும் மாறுகிறது. அதனால்தான் பெட்டியின்மீது நிறச்சாயலைக் காட்டும் ஷேடு எண்ணும் தயாரிப்புத் தொகுதியைக் காட்டும் லாட் எண்ணும் அச்சிடுகிறார்கள். தேவைக்கு மேல் பத்து விழுக்காடு சேர்த்து, ஒரே எண்ணுள்ள பெட்டிகளை ஒரே நாளில் வாங்குவது வீட்டுக்காரரின் பொறுப்பு. அப்படியும் இரண்டு லாட் கலக்க நேர்ந்தால், தொடக்கத்திலிருந்தே பல பெட்டிகளிலிருந்து மாற்றி மாற்றி எடுத்துப் பதித்தால் கோடு விழாது. நீளமான டைல்ஸ் நடுவில் மிக இலேசாக மேலெழும்பியிருக்கும். அவற்றைப் பாதிக்குப் பாதி தள்ளிப் பதித்தால் ஒன்றின் மேடு மற்றொன்றின் தாழ்ந்த முனையோடு சேர்ந்து காலில் இடறும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளிப் பதிக்கச் சொல்லுங்கள்.

வாசல் கோடுகளுக்கு எளிய வழி உண்டு. நிலைக்கு நேர்கீழே உள்ள துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு ஒரு கிரானைட் பட்டையைப் பதித்துவிட்டால் இரு பக்கத்துக் கோடுகளும் நேருக்கு நேர் சந்திக்காது. கொள்ளிடம் அவர்கள் சொன்ன கூர்மைக்கு அங்கே வேலை இல்லாமல் போகும். சுவிட்சுப் பலகை சாய்ந்திருந்தால், சட்டத்தின் திருகுத் துளைகள் பெரும்பாலும் நீளவாக்கில் இருப்பதால் திருகைத் தளர்த்தி நிமிர்த்திவிடலாம். உங்களுடையது இறங்கியிருப்பதால் பூச்சை வெட்டிப் பெட்டியைத் தூக்கியே வைக்க வேண்டும்.

அரசலாறு:
ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். சுவர் சரியாக இருக்கிறது, பெட்டி மட்டுமே இறங்கியிருக்கிறது. கிரானைட் பட்டை பதிக்கவும், நடுப் பலகையைத் தூக்கி வைக்கவும் முடிவு செய்திருக்கிறேன். இரண்டு வேலைகளுக்கும் தனிக் கூலியை முன்னதாகவே பேசித் தந்துவிடுகிறேன். அந்தக் கேள்வியில் வெண்ணாறு அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. நிறக்கோட்டை என்ன செய்வதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை. தரை முழுவதையும் பெயர்ப்பது வீண் செலவு என்பதை உணர்கிறேன், ஆனாலும் அதை அழகு என்று என்னால் சொல்லிக்கொள்ள இயலாது.

வெண்ணாறு:
கூலியைப் பேசிவிட்டீர்கள் என்பதால் பட்டைக்கு எனக்கு மறுப்பில்லை. சுவிட்சுப் பலகையில் என் கருத்து மாறவில்லை. பூச்சை வெட்டி ஒட்டிய இடத்தில் வண்ணம் வேறுபட்டுத் தெரியும். அதை மறைக்கச் சுவர் முழுவதும் மறுபடி வண்ணம் பூச வேண்டியிருக்கும். அடுத்த சுவர் பழையதாகத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்துவீர்கள் என்பதைக் கொத்தனார் உளி எடுப்பதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.