கலங்கிய காயலில் மனாட்டி ஆய்வு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். ஐவரி கோஸ்ட்டின் ஃப்ரெஸ்கோ காயலில் ஆப்பிரிக்க மனாட்டிகளைப் பற்றிக் கள ஆய்வு செய்யும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். நம் ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, உறவான விலங்குதான். ஆனால் கலங்கல் நீரில் கண்ணில் படுவதே அபூர்வம். மூச்சு விட மூக்கு நுனியைக் காட்டிவிட்டு முங்கிவிடும். மிதக்கும் சாணத்தையும் கரையோரம் மேய்ந்த புல்லையும் வைத்துத்தான் தேடுகிறோம். புல் மட்டுமல்ல, மட்டியும் தின்னும், வலையில் சிக்கிய மீனையும் தின்னும். வலை கிழிந்தால் மீனவருக்குக் கோபம் வராதா? அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், 2013 முதல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருந்தும் இறைச்சிக்கான வேட்டை நிற்கவில்லை.

பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்காக மீனவர்களிடம் பேசியவர்கள் இங்கே இருந்தால், கேள்விகளை எப்படி அமைத்தீர்கள் என்று சொல்லுங்கள். வேட்டை என்றாலே இங்கே வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்புறம், ஆழமில்லாத கலங்கல் நீரில் பக்கவாட்டு சோனார் (ஒலி அலையால் நீருக்கடியில் படமெடுக்கும் கருவி) பயன்படுத்தியவர்கள் யாராவது உண்டா? மூழ்கிய மரக்கட்டையையும் விலங்கையும் பிம்பத்தில் எப்படிப் பிரித்தறிவது? மழை தொடங்குமுன் படகு இறக்க வேண்டும், சீக்கிரம் சொன்னால் பேருதவியாக இருக்கும்.