அன்இன்ஸ்டால் செய்ததும் போல்டரே போய்விட்டது

தெரிந்த அக்கா ஒருவர் கடையில் கணக்கு எழுதுகிறார். புது வெர்ஷன் போடுவதற்காகப் பழைய பில்லிங் சாப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்திருக்கிறார். டி டிரைவில் இருந்த கணக்கு போல்டர் அடியோடு போய்விட்டது, அவருடைய எக்செல் பைல்களும் சேர்த்து. "தம்பி, ரீசைக்கிள் பின்லயும் காணோம்ப்பா" என்று போன் செய்தார். பென்டிரைவில் நகல் இருந்ததால் பெரும்பகுதி தப்பியது.

அதே சாப்ட்வேரை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, அதன் அன்இன்ஸ்டாலரை, பைல்களைச் சுருக்கவும் பிரிக்கவும் உதவும் 7-ஜிப்பின் 15.05 பதிப்பில் திறந்தேன். அது என்எஸ்ஐஎஸ் என்ற, இன்ஸ்டாலர் தயாரிக்கும் கருவியில் செய்தது. 7-ஜிப்பின் அந்தப் பழைய பதிப்பு என்எஸ்ஐஎஸ் ஸ்கிரிப்டைப் படிக்கிற மாதிரி காட்டும். ஒரே வரி: இன்ஸ்டால் ஆன போல்டரை உள்ளே இருப்பதோடு அழி. முதலில் போடும்போது, இன்ஸ்டால் ஆக வேண்டிய இடமாக அக்கா தன் கணக்கு போல்டரின் பாதையையே டைப் செய்து கொடுத்திருக்கிறார். ஸ்கிரிப்ட் சொன்னதைச் செய்துவிட்டது.

என்எஸ்ஐஎஸ் என்பது வின்ஆம்ப்பைத் தந்த நல்சாப்ட் உருவாக்கியது. நாம் எழுதும் ஸ்கிரிப்டை கம்பைல் செய்தால், சிறிய எக்ஸ்இ ஒன்றின் வாலில் கட்டளைகளும் சுருக்கிய பைல்களும் ஒட்டிக்கொள்ளும். கூடுதல் சுமை வெறும் 34 கேபி. ஓடும்போது அது தன்னையே திறந்து படித்து, கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும். அன்இன்ஸ்டாலர் தன்னையும் அழிக்க வேண்டுமே, அதனால் டெம்ப் போல்டரில் தன் நகலைப் போட்டு அங்கிருந்து ஓடும். டாஸ்க் மேனேஜரில் திடீரென்று ஏயூ அண்டர்ஸ்கோர் என்று ஒரு எக்ஸ்இ தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் இது.

ஆனால் எதையெல்லாம் போட்டோம் என்ற கணக்கை என்எஸ்ஐஎஸ் தானாக வைத்துக்கொள்ளாது. இன்ஸ்டாலர் தயாரிக்கும் இன்னொரு கருவியான இன்னோ செட்அப் வைத்துக்கொள்ளும். அதன் அன்இன்ஸ்டாலர் பக்கத்தில் இருக்கும் .dat பைல் அந்தப் பட்டியல்தான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இன்னோவைத்தான் சொல்வேன்.

என்எஸ்ஐஎஸ்தான் வேண்டும் என்றால் போட்ட ஒவ்வொரு பைலுக்கும் தனித்தனி டெலீட் வரி எழுதுங்கள். கடைசியில் போல்டரை நீக்கும் கட்டளையில் ஸ்லாஷ் ஆர் சேர்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் காலி போல்டர் மட்டுமே அழியும். கஸ்டமருக்கு அனுப்பும் முன், இன்ஸ்டால் ஆன போல்டரில் உங்கள் பைல் ஒன்றைப் போட்டுவிட்டு அன்இன்ஸ்டால் செய்து பாருங்கள். அந்தப் பைல் அங்கேயே இருக்க வேண்டும்.