ஜிபியிடம் அம்மாவுக்காக யார் கதைப்பது? லண்டன் தமிழர் சிலரின் அனுபவங்கள்

ஹாரோவிலிருந்து

அம்மாவுக்கு 76 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் பல வருடமாக இருக்கின்றன. அவருடைய ஆங்கிலம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், டொக்டரிடம் போதாது. அதனால் ஜிபியிடம், அதாவது குடும்ப டொக்டரிடம், போனால் நான்தான் கதைப்பேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. மகளோ மருமகளோ கூடப் போவார்கள், சில வீடுகளில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பேரப்பிள்ளை போகும்.

போன வருடம் அம்மாவின் சீனி ஏறிக்கொண்டே போனது. மெட்போர்மின் குளிசையின் அளவைக் கூட்டினார்கள், அப்படியும் இறங்கவில்லை. அப்போது சீனி வருத்தத்தைப் பார்க்கும் நர்ஸ் ஒருவர், அடுத்த முறை போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுக்கிறேன், நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரி என்றேன்.

உள்ளே அம்மா சொன்னது இதுதான்: குளிசை போட்டால் வயிற்றால் போகிறது, அதனால் கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகும் நாட்களில் போடுவதில்லை. சிறுநீரும் அடக்க முடிவதில்லை, அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "உன்னட்டச் சொன்னா நீ அந்த ஆம்பிளை டொக்டரிட்டச் சொல்லுவாய்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மெதுவாகக் கரையும் வகை மெட்போர்மினுக்கு மாற்றினார்கள். வயிறு சரியானது. சிறுநீர்ப் பிரச்சினைக்கும் அதற்கென்று உள்ள கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

இப்போது அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், நேரமும் இரட்டிப்பாக வேண்டும்" என்று சொல்லிவிடுவேன். அம்மாவின் பதிவிலும் அதைக் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். ரிசெப்ஷனில் ஒருவர், மகள் வருகிறீர்கள்தானே, பிறகு எதற்கு என்றார். ஜிபி போன்ற இடங்களுக்கு, அரச சுகாதார சேவையான என்எச்எஸ் இங்கிலாந்து 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நோயாளியிடம் மொழிபெயர்ப்புக்குக் காசு கேட்கக்கூடாது என்று இருக்கிறது. வீட்டு ஆட்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, மொழிபெயர்க்க விடுவதையும் அது ஏற்கவில்லை. அதைச் சொன்னதும் புக் பண்ணித் தந்தார்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து

ஹாரோ அக்கா சொன்னது சரி. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொன்னவன். வருகிறவர் எந்த ஊர், யாருடைய சொந்தக்காரர் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு ஊரில் நடந்தது எதுவும் ஊருக்குத் திரும்பிப் போய்விடக் கூடாது, அம்மா அப்பா அங்கேதான் இருக்கிறார்கள். லண்டனில் எங்கள் சனம் எவ்வளவு என்றாலும், இரண்டு கேள்வியில் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நித்திரையே இல்லை, ஆனாலும் ஆங்கிலத்தில் "ஐ ஆம் ஓகே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

போன் வழியாகச் செய்யலாம், என் பெயரை மொழிபெயர்ப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை, அவரும் தன் இலக்கத்தை மட்டும் சொல்வார் என்று ஒரு டொக்டர் விளக்கிய பிறகுதான் வாய் திறந்தேன். அவர்தான் ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர் அமைப்புக்குக் கடிதம் எழுதினார். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்காக 1985இலிருந்து இயங்கும் அமைப்பு அது, இலங்கையிலிருந்து வந்த பலரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருந்தது, பெரிய வரிசை. அங்கே என்ன கதைத்தேன் என்று இங்கே எழுதவில்லை. இப்போது நித்திரை கொள்கிறேன்.

புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு ஒன்று. ஜிபியில் பதியப் போனபோது பாஸ்போர்ட்டும் வீட்டு முகவரிக்குக் கரண்ட் பில்லும் கேட்டார்கள். அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் ஹோம் ஆபீஸ் (உள்துறை அமைச்சு) தந்த அறையில் இருப்பவனிடம் கரண்ட் பில் எப்படி இருக்கும்? இங்கிலாந்தில் ஜிபியில் பதிய அடையாளமோ முகவரிக்கு ஆதாரமோ விசாவோ கட்டாயம் இல்லை. திருப்பி அனுப்பினால் விட்டுவிட்டு வராதீர்கள், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். ஹோம் ஆபீஸ் உதவியில் இருப்பவர்களுக்கு எச்சி2 (HC2) என்ற சான்றிதழ் வரும். மருந்து, பல், கண் பரிசோதனை மூன்றுக்கும் அது போதும். பலர் அதை என்ன கடிதமோ என்று லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கிறொய்டனிலிருந்து

எங்கள் கதை பணத்தைப் பற்றியது. மாமிக்குக் குளிக்க, உடுக்க, இரவில் எழும்பிப் போக எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரச உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். ஓய்வூதிய வயதைக் கடந்தவர்களுக்கு உள்ளது, சேமிப்பு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. முதல் தடவை இல்லை என்று கடிதம் வந்தது.

காரணம் படிவத்தில் இருந்தது. குளிப்பதில் கஷ்டம் உண்டா என்ற கேள்விக்கு என் கணவர் "இல்லை" என்று எழுதியிருந்தார். கேட்டால், நீர்தானே குளிப்பாட்டுகிறீர், பிறகு என்ன கஷ்டம் என்றார்! அம்மாவால் முடியவில்லை என்று வெள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற மகன்மார் எங்கள் சனத்தில் நிறைய. அந்தப் படிவம் கேட்பது யார் செய்கிறார்கள் என்பதை அல்ல, உதவி தேவையா என்பதை. பகலில் மட்டும் அல்லது இரவில் மட்டும் தேவை என்றால் குறைந்த தொகை, இரண்டிலும் என்றால் கூடிய தொகை.

மேனர் பார்க்கிலுள்ள தமிழர் நலன்புரிச் சங்கத்துக்குப் போகச் சொல்லி ஒருவர் சொன்னார். கிறொய்டனிலிருந்து அது ஒரு பயணம். கடைசியில் பக்கத்திலிருந்த சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதித் தந்தார். ஒரு நல்ல நாளை நினைத்து எழுதாதீர்கள், மோசமான நாளில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள் என்றார். கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், நாங்கள் அதற்குள் கேட்டுத் தப்பினோம். பணம் வந்தது. மாமி இதுவரை அது பென்சன் கூடியது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஈலிங்கிலிருந்து

நான் பார்மசியில் வேலை செய்கிறேன். தேர்த் திருவிழாவில் சில வருடங்கள் பிரஷர் பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அன்னதானம் முடித்து, சர்க்கரைப் பொங்கலும் சாப்பிட்டுவிட்டு வந்து, "தங்கச்சி, சீனி பார்க்கிறீங்களா?" என்று கையை நீட்டுவார்கள். அண்ணை, நாளைக்கு ஜிபிக்குப் போங்கோ என்பேன்.

ஆனால் அந்த மேசையால் பயன் இருக்கிறது. ஜிபியின் கடிதத்துக்குப் போகாத ஆம்பிளைகள் கோயிலில் மற்றவர் போவதைப் பார்த்து வரிசையில் நிற்பார்கள். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை, ஏற்கெனவே இந்த வருத்தங்கள் இல்லாதவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இலவசப் பரிசோதனை உண்டு என்பதே பலருக்குப் புதுச் செய்தி. "நான் மெலிந்த ஆள், எனக்கென்ன" என்பதுதான் அதிகம் கேட்கும் பதில். உயரத்துக்கு எடை கூடவா என்று காட்டும் பிஎம்ஐ அளவில், வெள்ளையருக்கு 25இல் தொடங்கும் எச்சரிக்கை தெற்காசியருக்கு 23இலேயே தொடங்குகிறது, 27.5 என்றால் ஆபத்து அதிகம். தொப்பையைக் காட்டிச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கேட்பார்கள்.

எனக்குக் கோபம் வருவது துண்டுப் பிரசுரங்களில்தான். தமிழில் அச்சடித்திருப்பார்கள், உள்ளே பாஸ்தாவும் பேக்ட் பொட்டேட்டோவும் இருக்கும். புட்டை எவ்வளவு வைப்பது, சோற்றுக்குப் பக்கத்தில் கிழங்குக் கறி வேண்டுமா என்று ஒரு வரி இல்லை. 50 வயதுக்கு மேல் தபாலில் வரும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக் கிட்டை அருவருப்பென்று குப்பையில் போட்ட அம்மாக்கள் இருக்கிறார்கள். ஒரு பேச்சில் அதைப் பிரித்துக் காட்டி, குச்சியை எப்படிப் பிடிப்பது என்று செய்து காட்டினேன். அடுத்த கிழமையே இரண்டு பேர் பார்மசிக்கு வந்து, அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

ஹாரோவிலிருந்து, மீண்டும்

கிறொய்டன் தங்கச்சிக்கு: மாமியைப் பார்ப்பது நீங்கள் என்றால் கவுன்சிலில் உங்களுக்கென்று பராமரிப்பாளர் மதிப்பீடு கேளுங்கள், பார்க்கிறவருக்கு என்ன உதவி தேவை என்று பார்ப்பதுதான் அது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, எத்தனை மணிநேரம் பார்த்தாலும் கேட்கலாம். கணவர் பெயரில் கேட்டுவிடாதீர்கள், மாமியைக் குளிப்பாட்டுகிறவர் நீங்கள்தானே. எனக்கு மாதத்தில் ஓரிரு நாள் அம்மாவோடு இருக்க ஆள் ஒழுங்கு செய்து தந்தார்கள். தமிழ் தெரிந்த ஆளாக வேண்டும் என்று கேட்டதில் கொஞ்சம் தாமதமானது, ஆனால் கிடைத்தது.