வெயிலில காய வைச்ச பற்றறி திரும்ப வேலை செய்யுமோ?

கேள்வி – கொக்குவில் பெடியன்

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில சண்டையால கறண்ட் இல்லாத காலத்தில, செத்த ரோச் பற்றறியை வெயிலில காய வைச்சு, ஆணியால ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டு றேடியோ கேட்டவையாம் எண்டு அம்மப்பா சொல்லுறார். நான் ஏ.எல். படிக்கிறன். அந்தக் கலத்துக்குத் திரும்பச் சார்ஜ் ஏத்தேலாது எண்டுதான் சேர் படிப்பிச்சவர். ஆர் சொல்லுறது சரி?

இன்னொண்டு. வீட்டு இன்வேட்டர் பற்றறிக்குக் கிணத்துத்தண்ணி விடலாம் எண்டு அம்மப்பா நிக்கிறார். அம்மா விடுறா இல்லை. வீட்டில ஒரே சண்டை.

பதில் 1 – நல்லூரான்

அம்மப்பா சொன்னது உண்மை, எங்கட வீட்டு மதிலிலயும் வரிசையாக் காஞ்சது. வெயிலில சூரிய சக்தி உள்ள ஏறுது எண்டுதான் நான் நினைச்சனான்.

பதில் 2 – பழைய றேடியோக்காரன்

நல்லூரான், ஒண்டும் ஏறேல்லை. தம்பி, உங்கட சேரும் சரி, அம்மப்பாவும் சரி.

அந்தப் பற்றறியின்ர வெளித் தகரமே நாகம், அதாவது சிங்க். நடுவில கரித்தண்டு, அதைச் சுத்தி மங்கனீசீரொட்சைட்டுக் கறுப்பு மா, இடையில அமோனியங்குளோரைட்டுக் களி. நாகம் கரையக் கரைய மின் வரும். ஆனா பற்றறி "செத்துப்போச்சு" எண்டு நாங்கள் எறியேக்க நாகம் முழுக்க முடிஞ்சிருக்காது. கரித்தண்டுக்குக் கிட்ட இரசாயனத் தாக்கத்தில வந்த பொருளுகள் சேர்ந்து வழியை மறிக்கும், களியும் காஞ்சிருக்கும். வெயில் சூட்டில உள்ளுக்க அயன்கள் (மின்னேற்றமுள்ள துணிக்கைகள்) கொஞ்சம் சுறுசுறுப்பா ஓடும், அடைச்சது விலகும். உப்புத்தண்ணி விட்டா காஞ்ச களி நனையும். மிஞ்சிக் கிடந்ததைச் சுரண்டி எடுத்தனாங்கள், அவ்வளவுதான். தகரம் ஓட்டையாகிக் கசிஞ்சா உப்புமில்லை வெயிலுமில்லை.

எனக்கு அப்ப 19 வயசு. பற்றறிக்குத் தடை, சாமான் வராது. கடைசியில சைக்கிளைக் கவிட்டு வைச்சு, கையால பெடலைச் சுத்தி, டைனமோவில பிபிசி தமிழோசை கேட்டனாங்கள். அந்த டைனமோவுக்குள்ள கம்பிச் சுருள் அசையாது, காந்தம்தான் சுழலும். சுருளுக்கூடாகப் போற காந்தப்பாயம் (காந்தக் கோடுகளின்ர அளவு) மாறிக்கொண்டிருந்தா மின் பிறக்கும், 1831இல பரடே கண்டது அதுதான். வாறது ஆடலோட்டம், திசை மாறி மாறி ஓடும். அதை நேர றேடியோவுக்குக் குடுக்கேலாது. 4 டயோட்டும் ஒரு கொள்ளளவியும் (கப்பாசிற்றர்) போட்டுத்தான் ஒரே திசையில ஓடுற நேரோட்டமாக்கிறது. அதுக்கும் மெல்லமாச் சுத்தினா செய்தி முனகும், விட்டா நிண்டிடும். முக்கியமான செய்தி வரேக்க தம்பிக்குக் கை களைச்சுப்போம்.

இனிக் கிணத்துத்தண்ணி. இதில அம்மா வெண்டிட்டா.

உங்கட கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படிஞ்சிருக்கிறதைப் பாருங்கோ. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், தண்ணியில கல்சியமும் இருக்கும், இடத்துக்கு இடம் உப்பும் இருக்கும். இன்வேட்டரில இருக்கிற ஈய பற்றறிக்குச் சார்ஜ் நிறைஞ்ச பிறகும் கறண்ட் போய்க்கொண்டிருந்தா, அது தண்ணியைப் பிரிக்கத் தொடங்கும்: மறைத்தகட்டில ஐதரசன், நேர்த்தகட்டில ஒட்சிசன். குமிழி வாறது அதாலதான். போறது தண்ணி மட்டும், அமிலம் உள்ள நிக்கும். அதால விடவேண்டியதும் தண்ணி மட்டும், காய்ச்சி வடிச்சது. கிணத்துத்தண்ணி விட்டா அதில உள்ள உப்பு ஒவ்வொரு தரமும் சேர்ந்து சேர்ந்து தகட்டைத் தின்னும். நான் இப்பிடி ஒரு புதுப் பற்றறியைக் கெடுத்தவன், விலையைச் சொல்லமாட்டன், வீட்டுக்காரி வாசிப்பா.

தகடு வெளியில தெரிஞ்சா உடன மூடுற அளவுக்கு விடுங்கோ, மிச்சத்தைச் சார்ஜ் முடிஞ்ச பிறகு. முன்னமே நிரப்பினா பொங்கி வழியும். அந்த நேரம் கிட்ட நெருப்புப் பெட்டியோட நிக்கவேண்டாம், ஐதரசன் வெடிக்கும். அடர்த்தி பார்க்கிற குழாயில 1.28 கிட்டக் காட்டினா நிறைஞ்சிருக்கு, 1.15 கிட்ட எண்டா வடிஞ்சுபோச்சு.

கொக்குவில் பெடியன்

நன்றி ஐயா. அம்மாட்டக் காட்டிப்போட்டன், அம்மப்பா கதைக்கிறாரில்லை. ஒரு சந்தேகம்: லைற் போட்டோடன பெடல் பாரமாகுதே, உராய்வோ?

பழைய றேடியோக்காரன்

உராய்வு லைற் போடாட்டிலும் இருக்கு. லைற் போட்டா சுருளில ஓட்டம் ஓடும், அந்த ஓட்டத்தின்ர காந்தப்புலம் சுழலுற காந்தத்தை மறிக்கும். 3 வோற் பல்ப் எரியிறதுக்கு உங்கட கால்தான் வேலை செய்யவேணும், சும்மா வராது.

அம்மப்பாவிட்ட அந்த டைனமோ இன்னும் கிடக்கோ எண்டு கேளுங்கோ, அதோட கதைக்கத் தொடங்கிடுவார். கிடந்தா கழட்டிக் காந்தத்தை வெளியில எடுக்காதையுங்கோ. நான் எடுத்துத் திரும்பப் பூட்டினன், பிறகு பல்ப் மினுங்கினதோட சரி.