யூபிவிசி ஜன்னல் கைப்பிடி சும்மா சுத்துது: கைப்பிடி மட்டும் மாத்தினா போதுமா?

மூணாவது மாடி | வெள்ளி, காலை 7:40

வணக்கம். கொட்டிவாக்கத்துல இருக்கோம், கடலுக்குக் கூப்பிடு தூரம். படுக்கையறை ஜன்னல் யூபிவிசி, ஒத்தைக் கதவு, வெளிப்பக்கம் திறக்கிற மாடல், உள்பக்கம் கொசுவலைக் கதவு தனி. போட்டு ஏழு வருஷம் ஆச்சு.

கொஞ்ச நாளாவே கைப்பிடியைத் திருப்ப பலம் கொடுக்க வேண்டியிருந்தது. நேத்து ராத்திரி மழைக்கு மூடப் போனப்போ "டொக்"னு ஒரு சத்தம். அதோட சரி, எந்தப் பக்கம் திருப்பினாலும் கைப்பிடி பம்பரமாட்டம் சுத்துது, பூட்டு விழல. இப்போ பழைய துப்பட்டாவால கைப்பிடியைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிச்சுப் போட்டிருக்கேன். காத்து அடிச்சா கட்டில் கிறீச்சுங்குது, என் மாமியார் எழுந்து உட்கார்ந்துக்கறாங்க.

ஜன்னல் போட்டவங்க ஃபோன் எடுக்கறதில்லை. தெரிஞ்சவங்க அனுப்பின ஒருத்தர் வந்து பார்த்துட்டு "முழு ஷட்டரையும், அதான் திறந்து மூடுற கதவையே, மாத்தணும், 9,000 ஆகும்"னு சொல்லிட்டுப் போனார். ஆன்லைன்ல கைப்பிடி 300, 400 ரூபாய்க்கு இருக்கு. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும். ஆனா இந்தக் கைப்பிடியில ஸ்க்ரூவே கண்ணுக்குத் தெரியலையே, எப்படிக் கழட்டுறது? எதைப் பார்த்து வாங்குறது?

ஆணிப்பெட்டி | வெள்ளி, காலை 8:05

முதல்ல ஷட்டரை மாத்தச் சொன்ன ஆளை மாத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

கோவை ஃபிட்டர் | வெள்ளி, காலை 9:20

மேடம், அவசரப்பட்டு எதுவும் வாங்காதீங்க. கைப்பிடி சுத்துதுன்னா மூணுல ஒண்ணுதான். கைப்பிடிக்குள்ள உடைஞ்சிருக்கணும், இல்லைன்னா ஷட்டருக்குள்ள இருக்கிற கியர் போயிருக்கணும், இல்லைன்னா ரெண்டையும் சேர்க்கிற சதுரக் கம்பி வழுக்கணும். கழட்டிப் பார்த்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுரும்.

ஸ்க்ரூ மூடிக்குக் கீழ இருக்குங்க. கைப்பிடியைப் படுக்கை வசத்துல வைங்க. அடிப்பட்டைக்கு மேல ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், நகத்தை விட்டு லேசா தூக்கி, மூடியை அப்படியே பக்கவாட்டுல திருப்புங்க. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஸ்டார் ஸ்க்ரூ தெரியும். காத்து இல்லாத நேரமா கழட்டுங்க, இன்னொருத்தர் கதவைப் பிடிச்சுக்கட்டும். துப்பட்டா கட்டியிருக்கிறதே கைப்பிடியிலதான்னு மறந்துடாதீங்க, கைப்பிடி கையோட வந்துரும். மூணாவது மாடி வேற.

வெளியே எடுத்ததும்:

சதுரக் கம்பியைக் கட்டிங் பிளேயர்ல இறுக்கிப் பிடிச்சுட்டு கைப்பிடியைத் திருப்புங்க. தனியா சுத்தினா கைப்பிடி காலி. உள்ள இருக்கிறது துத்தநாகக் கலவை வார்ப்பு, விரிசல் விட்டா ஒட்டவெல்லாம் முடியாது.

கைப்பிடி கெட்டியா இருந்தா, அதே கம்பியை ஜன்னல் ஓட்டைக்குள்ள அழுத்தி விட்டுத் திருப்பிப் பாருங்க. ஷட்டர் ஓரத்துல காளான் மாதிரி குமிழ் குமிழா இருக்கும். அது மேல கீழ நகர்ந்தா கியர் உசிரோட இருக்கு.

மூணு அளவு எடுங்க: ரெண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவுல எவ்வளவு, கம்பி எத்தனை மி.மீ. சதுரம், அடிப்பட்டையில இருந்து கம்பி எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கு. முதல் ரெண்டும் பெரும்பாலும் 43, 7 தான் வரும். மூணாவதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க.

மூணாவது மாடி | வெள்ளி, இரவு 9:15

ரொம்ப நன்றி சார். கழட்டிட்டேன். மேல் ஸ்க்ரூ துருவேறி, தலை பாதி தேஞ்சு போயிருந்தது. டிரைவருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவுல ரப்பர் பேண்டை வச்சு அழுத்தித் திருப்பினதுல எப்படியோ வந்துருச்சு.

அளவு நீங்க சொன்ன மாதிரியே: ஸ்க்ரூ இடைவெளி 43, கம்பி 7 மி.மீ., நீளம் 25. பிளேயர்ல பிடிச்சுப் பார்த்தா கைப்பிடி கெட்டியா இருக்கு, தனியா சுத்தல. கம்பியை ஓட்டையில விட்டுத் திருப்பினா குமிழ் ஒரு தடவை நகருது, மறு தடவை வழுக்குது.

ஒண்ணு கவனிச்சேன். கம்பியோட நுனியில மட்டும், ஒரு 4 மி.மீ. அளவுக்கு, நாலு மூலையும் மழுங்கி வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு. மீதியெல்லாம் புதுசு மாதிரி கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கோட அப்படியே. இதே அளவுல 25 மி.மீ. கைப்பிடி ஆர்டர் போட்டுடட்டுமா?

கோவை ஃபிட்டர் | வெள்ளி, இரவு 9:40

போடாதீங்க! அந்தப் பளபளப்புதான் முழுக் கதையையும் சொல்லுதுங்க. ஏழு வருஷமா உங்க கம்பி கியரை நுனி நாக்கால தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. ஜன்னல் மாட்டினவங்க கையில இருந்த குட்டைக் கம்பியைப் போட்டு வேலையை முடிச்சிருக்காங்க. பழைய கம்பி அளவுக்கே புதுசு வாங்கினா இதே வழுக்கல்தான், இன்னும் சீக்கிரமா.

பழைய கம்பியை அளக்காதீங்க, ஓட்டையை அளங்க. விளக்குமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சி உருவிக்கோங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ள சதுர ஓட்டை போட்ட உருளை தெரியும். குச்சி நுனி அதோட விளிம்பைத் தொடுற வரைக்கும் விட்டு, ஜன்னல் மேல்பரப்புல நகத்தால அடையாளம் வச்சு அளங்க. அப்புறம் சதுர ஓட்டைக்குள்ளேயே விட்டு, கடைசில முட்டுற வரைக்கும் ஒரு அளவு.

மூணாவது மாடி | வெள்ளி, இரவு 10:05

விளிம்பு வரைக்கும் 21. கடைசி வரைக்கும் 38.

கோவை ஃபிட்டர் | வெள்ளி, இரவு 10:12

பாருங்க, 25ல 21 போனா 4. நீங்க சொன்ன அதே நாலு! 35 மி.மீ. கம்பி உள்ள கைப்பிடி வாங்குங்க. கியர் ஓட்டையோட வாய் மட்டும்தான் மழுங்கியிருக்கும். உள்ள தேயாத இடம் நிறைய இருக்கு, நீளக் கம்பி அதைப் பிடிச்சுக்கும். 40 மட்டும்தான் கிடைச்சாலும் பரவாயில்லை, ஆக்சா பிளேடுல அறுத்து அரத்தால பிசிறு எடுத்துக்கலாம். அறுக்காம மாட்டினா கம்பி முட்டி, அடிப்பட்டை ஜன்னலோட ஒட்டாது. அப்போ ஸ்க்ரூவைப் போட்டு நெரிக்கக் கூடாது.

நல்ல கைப்பிடியைத் தூக்கிப் போடணுமேன்னு தோணும். இந்த மாடல்ல கம்பி தனியா வராதுங்க, வேற வழியில்லை.

ஜன்னலோரம் | சனி, காலை 6:55

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டு ஜன்னல் அலுமினியம், அதுல சதுரக் கம்பியே இல்லை. கைப்பிடியோட சேர்ந்த மாதிரி ஒரு மூக்கு நீட்டிக்கிட்டு, ஃப்ரேம்ல இருக்கிற தகட்டுல போய் உட்காரும். அந்த மூக்கு தேஞ்சு ஜன்னல் லொடலொடங்குது. இதே கைப்பிடி பொருந்துமா?

கோவை ஃபிட்டர் | சனி, காலை 8:30

பொருந்தாதுங்க, அது வேற ஜாதி. அதுக்குள்ள கியர் கிடையாது. அடிப்பட்டைக்கும் மூக்கோட அடிக்கும் நடுவுல இருக்கிற உயரத்தை அளந்து அதே உயரத்துல வாங்கணும். ஜன்னல் இடது திறப்பா வலது திறப்பான்னும் கடையில சொல்லுங்க, பல மாடல்ல ரெண்டும் மாறும். லேசான தேய்மானம்னா ஃப்ரேம் பக்கத் தகட்டுக்கு அடியில மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒண்ணு கொடுத்தாலே இறுகிடும்.

ஆணிப்பெட்டி | சனி, காலை 8:50

மர ஜன்னல்காரங்க யாராவது இதைப் படிச்சா: கைப்பிடி ஆடுதுன்னா முக்கால்வாசி கைப்பிடி மேல தப்பே இருக்காது, ஸ்க்ரூ ஓட்டை பெருத்துப் போயிருக்கும். தீக்குச்சியோட மருந்துத் தலையைக் கிள்ளிட்டு, ஃபெவிகால்ல தோய்ச்சு, ஓட்டை நிறையத் திணிங்க. ஒரு ராத்திரி காயவிட்டு, மேல துருத்துறதை பிளேடால சீவிட்டு அதே ஸ்க்ரூவைப் போடுங்க. எங்க ஊர் வீட்டுல எங்க தாத்தா திணிச்ச தீக்குச்சி இன்னும் கொண்டியைத் தாங்கிட்டு இருக்கு.

மூணாவது மாடி | திங்கள், மாலை 6:30

ஒரு சொதப்பல். சனிக்கிழமை சைடன்ஹாம்ஸ் ரோடு போய் 35 மி.மீ. கம்பியோட கைப்பிடி வாங்கினேன், 380 ரூபாய். கம்பி அருமையா உட்கார்ந்தது, குமிழெல்லாம் சும்மா ஜம்முனு நகருது. ஆனா கைப்பிடி பழசை விட உயரம். கொசுவலைக் கதவை மூடினா வலை வந்து கைப்பிடியில முட்டுது! இந்த ஊர்ல வலை இல்லாம ஒரு ராத்திரி ஓட்ட முடியுமா? கடைக்காரர் நல்ல மனுஷர், இன்னைக்கு மாத்திக் கொடுத்துட்டார். இது தட்டையான மாடல், பழசை விட ஒரு விரல்கடை குறைவு. வலை மூடுது.

இன்னொரு சந்தேகம் சார். ஜன்னல் திறந்திருக்கிறப்போ கைப்பிடி வெண்ணெய் மாதிரி திரும்புது. மூடிட்டுத் திருப்பினா மட்டும் பழையபடி கடிக்குது. எண்ணெய் விட்டா சரியாகுமா? வீட்டுல தேங்காய் எண்ணெய் விடச் சொல்றாங்க.

கோவை ஃபிட்டர் | திங்கள், இரவு 8:10

தேங்காய் எண்ணெய் தலைக்குங்க. இதுல விட்டா நாள்பட பிசினாகி தூசியைப் பிடிச்சு வச்சுக்கும். பழைய பல் துலக்குற பிரஷ்ஷால உப்பையும் மண்ணையும் தட்டிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும்.

ஆனா உங்க கடி எண்ணெயால போகாது. திறந்தா லேசு, மூடினா கடினம்னா கதவு தொங்கியிருக்கு. மூடுறப்போ கைப்பிடிப் பக்கத்தை ஒரு கையால லேசா மேல தூக்கிட்டுத் திருப்பிப் பாருங்க. சுலபமா விழுந்தா நான் சொல்றதுதான். அந்தக் கடியை மீறி நீங்க தினம் திருகினதுலதான் நுனியும் மழுங்கிச்சு. இதை விட்டுட்டு கைப்பிடியை மட்டும் மாத்தினா அடுத்து கியர் போகும்.

கண்ணாடியைச் சுத்தி இருக்கிற பீடிங்கை எடுத்து, பிளாஸ்டிக் பேக்கிங் துண்டை மூலைக்கு மூலை கொடுக்கணும். கீல் பக்கம் கீழ் மூலையில ஒண்ணு, கைப்பிடிப் பக்கம் மேல் மூலையில ஒண்ணு. கண்ணாடியே குறுக்குக் கம்பு மாதிரி நின்னு கதவைத் தூக்கிப் பிடிக்கும். இதை நீங்க செய்யாதீங்க, கண்ணாடி கனம் தெரியாது. ஃபிட்டருக்கு அரை மணி வேலை. வர்றவர்கிட்ட "கண்ணாடி பேக்கிங் சரி பண்ணணும்"னு அதே வார்த்தையில சொல்லுங்க, ஷட்டர் பேச்சே வராது. பழைய ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதீங்க. கடலோரம், ஸ்டெயின்லெஸ் போடுங்க, அதுலயே 316 ரகம் கிடைச்சா இன்னும் நல்லது. நீளம் மட்டும் பழைய ஸ்க்ரூவை வச்சுப் பார்த்து வாங்குங்க, நீளமாப் போனா உள்ள ஓடுற ராடைக் குத்தி நிறுத்திடும்.

மூணாவது மாடி | வியாழன், இரவு 10:20

தூக்கிட்டுத் திருப்பினா விழுந்தது சார். பக்கத்துத் தெரு ஃபிட்டர் ஒருத்தர் வந்தார், நீங்க சொன்ன வார்த்தையையே சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துட்டு, பேசாம பீடிங்கை எடுத்தார். உள்ள பேக்கிங் ஒண்ணுகூட இல்லை, கண்ணாடி சும்மா கீழ உட்கார்ந்திருந்தது. 500 வாங்கிக்கிட்டார். கைப்பிடி, ஸ்க்ரூ, கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய் சொச்சம். இப்போ ஒத்தை விரல்ல திரும்புது. துப்பட்டாவை அவுத்து மாமியார்கிட்ட கொடுத்துட்டேன், கட்டிலும் இடத்துல இருக்கு.

கையோட மீதி மூணு ஜன்னல் கைப்பிடியையும் கழட்டிப் பார்த்தேன். மூணுலயும் அதே 25 மி.மீ. கம்பி, மூணு நுனியும் பளபளன்னு இருக்கு.

ஆணிப்பெட்டி | வியாழன், இரவு 10:31

இன்னும் மூணு துப்பட்டா தேறுமா?

கோவை ஃபிட்டர் | வெள்ளி, காலை 7:05

35 மி.மீ., தட்டை மாடல், மூணு. அதே கடையிலேயே வாங்கிடுங்க மேடம். அந்த மூணையும் திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை திருப்பிப் பார்த்துட்டு எழுதுங்க. எதுக்கெல்லாம் பேக்கிங் வேணும்னு சொல்றேன்.